புரொய்லர் கோழி ஏன் காலை இழுக்கிறது? எலும்புக்குள் போகும் கிருமியைக் கண்டறியவும் தடுக்கவும் ஒரு முழு வழிகாட்டி

நான்காம் வாரம் தாண்டிய புரொய்லர் கூட்டுக்குள் காலையில் நுழைந்தால் மற்றக் கோழிகள் எழும்பி விலகும். நாலைந்து மட்டும் சுவரோரம் குந்தியபடி இருக்கும். கிட்டப் போனால் ஒரு சிறகை நிலத்தில் ஊன்றி இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பவும் உட்காரும். இரண்டு மூன்று நாளில் அந்த எண்ணிக்கை ஏறிவிடும். குஞ்சாக இருக்கும்போது செத்தால் குஞ்சுக் காசு மட்டும்தான் போகும். முப்பதாம் நாளில் செத்தால் அது தின்ற தீனின் காசும் சேர்ந்து போகும். அதனால்தான் இந்த வருத்தம் பண்ணைக்காரருக்கு இவ்வளவு கசக்கிறது.

இலங்கையின் கிழக்கே, நம்ம பகுதியில், ஏறாவூர், செங்கலடி, படுவான்கரைப் பக்கம் என்றாலும் சரி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்றாலும் சரி, "கால் விழுந்திட்டு, பவுடர் கலக்கிக் குடுத்திருக்கம்" என்ற பதில்தான் அடிக்கடி கேட்கும். சாவு குறைந்தால் மருந்து வேலை செய்தது என்பார்கள். குறையாவிட்டால் அடுத்த அன்டிபயோட்டிக் பவுடர். என்னைக் கேட்டால், காசு தப்பான இடத்துக்குப் போகிறது. நொண்டல் என்பது ஒரு நோய் இல்லை. பத்துப் பன்னிரண்டு காரணங்கள் வெளியில் ஒரே மாதிரித் தெரிகின்றன, அவ்வளவுதான். வளர்ந்த புரொய்லரில் அவற்றுக்குள் முதலிடத்தில் நிற்பது, எலும்பின் நுனிக்குள் பக்டீரியா புகுந்து அந்த இடத்தை அழுகவைப்பது. அது வந்த பிறகு மருந்துக்கு அங்கே வழி இல்லை. வர முன் தடுக்கச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆகவே மருந்துக் கடைக்குப் போக முன் ஒரு கத்தியை எடுத்து எலும்பைப் பாருங்கள்.

முதலில் நடக்க விட்டுப் பாருங்கள்

காலை வெயில் ஏற முன், தீன் போடாத நேரத்தில், கூட்டின் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்கு மெதுவாக நடங்கள். விரட்ட வேண்டாம். நல்ல கோழி நீங்கள் இரண்டு மூன்று அடி தூரத்தில் வரும்போதே எழும்பும். எழும்பாதவற்றை மூன்றாகப் பிரித்தால் போதும்: நடை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் தீனுக்கும் தண்ணீருக்கும் தானாகப் போகிறவை, தள்ளினால் மட்டும் நடந்து உடனே உட்காருகிறவை, எழும்பவே முடியாதவை. பிரித்தானிய ஆய்வாளர்கள் 1992இல் கோழியின் நடைக்கு 0 முதல் 5 வரை புள்ளி போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆராய்ச்சிக்கு அது வேண்டும். நம்ம கூட்டுக்கு இந்த மூன்று பிரிவு போதும்.

இரண்டாம், மூன்றாம் பிரிவுக் கோழிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதலில் பாதத்தின் அடி. கறுத்துத் தடித்த தோலோ புண்ணோ இருந்தால் அது ஈர உமியின் வேலை. பிறகு கணு மூட்டு, அதாவது இறகு முடிந்து செதில் தொடங்கும் இடம். வீங்கிச் சூடாக இருக்கிறதா? பின்பக்கத்து நரம்பு (தசைநாண்) அதன் பள்ளத்தில் இருக்கிறதா, பக்கவாட்டில் வழுகிவிட்டதா? கால் உள்ளுக்கோ வெளிக்கோ கோணியிருக்கிறதா? இவற்றில் ஒன்றும் இல்லாமல், கால் பார்வைக்கு நேராகவும் சுத்தமாகவும் இருந்தும் கோழி நடக்க மறுத்தால், அதுதான் கவனிக்க வேண்டிய ஆள். எலும்பு நுனியில் நோய் உள்ள கோழி வெளியில் ஒன்றும் காட்டாது. இடுப்புக்குக் கிட்ட, சதைக்குள் மறைந்திருக்கும் இடம் அது. தொடையைப் பின்னுக்கு இழுத்தால் கத்தும், சிறகை ஊன்றுகோலாக வைக்கும்.

வயது பாதி பதில் சொல்லிவிடும்

முதல் வாரத்தில் கால் இரண்டு பக்கமும் அகன்று விழும் குஞ்சுகள் என்றால் பெரும்பாலும் நிலம் வழுக்குகிறது. உமிக்கு மேல் வழவழப்பான பத்திரிகைக் கடதாசியோ பொலித்தீனோ விரித்தால் இப்படி வரும். விரல்கள் உள்ளுக்குச் சுருண்டு, குஞ்சு கணுவில் நடந்தால் விற்றமின் பி2 குறைவை நினைக்க வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் பல குஞ்சுகள் ஒரே நேரத்தில் தளர்ந்து நடந்தால் எலும்பு மென்மை நோய், அதாவது கல்சியம், பொசுபரசு, விற்றமின் டி3 ஆகியவற்றில் ஒன்று குறைந்தது அல்லது ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனது. சொண்டை விரலால் அழுத்தினால் வளையும். இதே வயதில் கணு நரம்பு வழுகுவதற்கு மங்கனீசும் கோலினும் குறைந்த தீன் காரணமாகலாம்.

மூன்றாம் வாரக் கடைசியில் இருந்துதான் எலும்புத் தொற்று தலைகாட்டும். ஐந்தாம் வாரத்தில் உச்சம். கணு வீக்கத்தோடு வருவது ரியோ வைரஸ், மைக்கோபிளாஸ்மா சினோவியே, இல்லையென்றால் மூட்டுக்குள் போன ஸ்டெபிலோகொக்கஸ். கோழி வாலில் உட்கார்ந்து இரண்டு காலையும் முன்னுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் கோளாறு காலில் இல்லை, முள்ளந்தண்டில். அதை இறந்த கோழியில்தான் உறுதி செய்யலாம்.

ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்கும் நீட்டிக் கிடப்பதைக் கண்டால் நம்ம ஆட்கள் உடனே மரெக்ஸ் (நரம்பைத் தாக்கும் வைரஸ் நோய்) என்பார்கள். ஊர்க்கோழியிலும் முட்டைக்கோழியிலும் அது சரியாக இருக்கலாம். ஆறு வாரத்துக்குள் விற்கும் புரொய்லரில் அது அரிது. ஒரே நாளில் கூட்டமாகக் கால் விழுந்தால் அது தொற்று மாதிரி இல்லை. தீனையும் மருந்தையும் சந்தேகியுங்கள். தீனில் சலினோமைசின், மொனென்சின் போன்ற இரத்தக்கழிச்சல் மருந்து இருக்கும்போது தண்ணீரில் தியமுலின் கலந்து கொடுத்தால் கோழி அப்படியே தளர்ந்து விழும். கடைக்காரர் தரும் பவுடரின் பெயரை வாசிக்காமல் கலக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அறுத்துப் பார்ப்பது எப்படி

இதில் நேரம் செலவழியுங்கள். கூட்டில் நேற்றே செத்துக் கிடந்த கோழி உதவாது. நம்ம வெயிலில் சில மணி நேரத்தில் உடல் அழுகத் தொடங்கிவிடும். நடக்க முடியாத கோழிகளில் ஐந்தாறைத் தெரிந்து, கழுத்து முறித்து உடனே கொன்று பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க நன்றாக நடக்கும் கோழி ஒன்றும் வேண்டும். கையுறை போடுங்கள். இந்தக் கிருமிகளில் சில கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாக நமக்கும் வரும். சமையல் கத்தி வேண்டாம்.

கோழியை மல்லாக்கப் படுக்க வைத்து, தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே தோலைக் கீறுங்கள். தொடையைப் பிடித்து வெளிப்பக்கமாக மெதுவாக மடக்கினால் தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் இருந்து கழன்று வரும். நல்ல கோழியில் அந்தத் தலை உருண்டையாக, பளபளத்த வெள்ளைக் குருத்தெலும்பு மூடியோடு வரும். நோய்பட்டதில் மூன்று மாதிரி காணலாம். மூடி குழிக்குள்ளேயே தங்கிவிட, எலும்பு மட்டும் மொட்டையாகக் கழன்று வருவது தொடக்க நிலை. மொட்டையான அந்த இடம் சொரசொரத்து, குழிவிழுந்து, மஞ்சளோ மண்ணிறமோ பட்டிருந்தால் அடுத்த நிலை. எலும்பின் கழுத்து விரல் பட்டதும் பொடிந்து, உள்ளே உலர்ந்த சீழும் கறுத்த திட்டும் இருந்தால் முற்றிய நிலை. ஒன்றைக் கவனியுங்கள்: வலுவாகத் திருகினால் நல்ல கோழியிலும் மூடி பிய்ந்துவிடும். அப்போது கீழே உள்ள எலும்பு வழவழப்பாக, ஒரே நிறமாக இருக்கும். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு கால் இழுத்தாலும் மற்றக் காலிலும் நோய் தொடங்கியிருப்பது வழமை.

அடுத்தது தொடைக்குக் கீழ் உள்ள நீண்ட எலும்பு. அதன் மேல் முனையைச் சதை நீக்கி, கத்தியை நெடுக்காக வைத்துப் பிளவுங்கள். மேலே வெள்ளைக் குருத்தெலும்பு, அதன் அடியில் மெல்லிய வளர்ச்சித் தட்டு, அதற்குக் கீழே சிவந்த கடற்பஞ்சு எலும்பு. இந்த ஒழுங்குக்குள் சிறு மஞ்சள் பொட்டுகளோ சீழ்ப் பைகளோ கறுத்த ஓட்டைகளோ இருந்தால் அது பக்டீரியா. வெள்ளைக் குருத்தெலும்பு ஒரு கட்டியாகக் கீழே இறங்கி நின்று, சீழ் இல்லாமல் சுத்தமாக இருந்தால் அது வேறு கோளாறு: குருத்தெலும்பு எலும்பாக மாறாமல் தங்கிப்போனது. வேகமான வளர்ச்சியும் கல்சியம், பொசுபரசு அளவும் அதற்குக் காரணம். கிருமி இல்லை, மருந்தும் தேவையில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் பவுடர் கலக்குகிறார்கள்.

பிறகு அந்த எலும்பின் நடுப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முறியுங்கள். "டக்" என்று முறிந்தால் எலும்பில் சுண்ணச்சத்து இருக்கிறது. முறியாமல் வளைந்து கொடுத்தால் எலும்பு மென்மை நோய். செலவில்லாத இந்தச் சோதனையை நான் எந்தக் கோழியிலும் விடுவதில்லை.

கடைசியாகக் குடலை எடுத்துவிட்டு, சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் முன்னால் முதுகெலும்பின் அடிப்பக்கத்தைத் தடவுங்கள். அங்கே ஒரு கட்டி தட்டுப்பட்டால், வெட்டினால் சீழ் வந்தால், என்டரோகொக்கஸ் சீகோரம் என்ற கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். கோழியின் முதுகில் முன்னும் பின்னும் உள்ள எலும்புகள் ஒட்டிப்போயிருக்க, நடுவில் அசையக்கூடியது ஒன்றே ஒன்றுதான். கிருமி அங்கேதான் தங்குகிறது. கட்டி வளர்ந்து நரம்புத் தண்டை நெருக்கும்போதுதான் கோழி வாலில் உட்காருகிறது. குடலையும் சும்மா வீசாதீர்கள். நீராக, நுரையாக, தீன் செமிக்காமல் இருக்கிறதா, இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். காலின் கதை பல வேளை அங்கேதான் தொடங்குகிறது.

எலும்புக்குள் நடப்பது என்ன

நாற்பது கிராம் குஞ்சு ஐந்து வாரத்தில் இரண்டு கிலோ தாண்டுகிறது. ஏறத்தாழ ஐம்பது மடங்கு. கால் எலும்பும் அதே வேகத்தில் நீள வேண்டும். நீளும் இடம் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு. அங்கே குருத்தெலும்புக் கலங்கள் அடுக்கடுக்காக நின்று ஒவ்வொன்றாக எலும்பாக மாறுகின்றன. மாறி முடிய முன்பே மேலே பாரம் ஏறுவதால், சீமெந்து காய முன் மேல்மாடி எழுப்பின கதையாக, அடுக்குகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. அந்த இடத்துக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் நசிகின்றன.

இனிக் கிருமியின் பக்கம். வளர்ச்சித் தட்டின் அடியில் இரத்தக் குழாய்கள் முட்டுச்சந்தாக முடிந்து திரும்புகின்றன. அங்கே இரத்தம் மெதுவாகத்தான் ஓடும், குழாய்ச் சுவரிலும் இடைவெளி உண்டு. இரத்தத்தில் ஒரு பக்டீரியா மிதந்து வந்தால் ஒதுங்க அதைவிட வசதியான இடம் உடம்பில் இல்லை. வெடிப்புக்குள் ஒட்டிக்கொண்டு பெருகும். குழாய் அடைபட்டதும் அந்தத் துண்டு எலும்பு செத்துவிடும். செத்த எலும்புக்கு இரத்தம் போகாது. இரத்தம் போகாத இடத்துக்கு அன்டிபயோட்டிக்கும் போகாது. தண்ணீரில் எத்தனை பவுடர் கலந்தாலும் கதை இதுதான்.

அமெரிக்காவில் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர்கள் புரொய்லரை உமிக்குப் பதிலாகக் கம்பி வலைத் தரையில் வளர்த்தார்கள். கால் பதியாமல் தள்ளாடும் நிலத்தில் நொண்டல் பல மடங்கானது. எலும்புக்கு வரும் தள்ளாட்டமும் கோழிக்கு வரும் மன அழுத்தமும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. அங்கே நொண்டிய கோழிகளில் இருந்து ஸ்டெபிலோகொக்கஸ் அக்னெட்டிஸ் என்ற கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். மற்ற இடங்களில் ஸ்டெபிலோகொக்கஸ் ஒரியஸ், ஈ-கோலை, என்டரோகொக்கஸ் ஆகியவை கிடைக்கின்றன. நன்றாக நடந்த கோழிகளை அறுத்தபோதும் பலவற்றின் எலும்பில் தொடக்க நிலை இருந்தது. உங்கள் கூட்டில் பத்துக் கோழி நொண்டினால் நோய் அந்தப் பத்தில் மட்டும் இல்லை.

கிருமி இரத்தத்துக்குள் வரும் வழிகள்

முக்கிய வழிகள் மூன்று. முதலாவது தொப்புள். மூடாத தொப்புளோடு வந்த குஞ்சின் மஞ்சட் கருவில் ஈ-கோலையும் ஸ்டெபிலோகொக்கஸும் குடியேறும். சாவது சாகும், தப்பினது கிருமியைச் சுமந்துகொண்டு வளரும். இரண்டாவது மூச்சு. உமித் தூசியும் அமோனியாவும் சுவாசக் குழாயின் உட்தோலைப் புண்ணாக்கினால் கிருமிக்குக் கதவு திறந்துவிடும்.

மூன்றாவது குடல். என் பார்வையில் நம்ம பகுதிக்கு இதுதான் பெரிய வாசல். குடலின் உட்சுவர் ஒற்றை வரிசைக் கலங்களால் ஆனது. இரத்தக்கழிச்சல் அதைக் கிழிக்கும். பூஞ்சை பிடித்த தீன் அதைப் பலவீனமாக்கும். வெப்பம் இதில் மோசமானது: கச்சான் என்ற வறண்ட மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நடுப்பகல் சூட்டில் கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது, இரத்தம் குடலை விட்டுத் தோல்பக்கம் போகிறது, இரத்தம் குறைந்த குடற்சுவர் ஒழுகத் தொடங்குகிறது. அப்போது உள்ளே வந்த கிருமி, ஒரு கிழமைக்குப் பிறகு காலாகத் தெரியும். நீங்கள் அன்றைய சூட்டை மறந்தே போயிருப்பீர்கள்.

இவற்றோடு கம்போரோ போன்ற வைரஸ் நோய் ஒன்று கோழியின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுத்தால் மூன்று கதவும் ஒன்றாகத் திறக்கும்.

இப்போது கூட்டில் இருக்கும் கோழிகளுக்கு

எழும்ப முடியாத கோழி தண்ணீர் எட்டாமல் பட்டினியாலும் தாகத்தாலும் சாகும். அதை நாலு நாள் வைத்துப் பார்ப்பது இரக்கம் இல்லை, அன்றே கொன்றுவிடுங்கள். தள்ளினால் நடக்கும் கோழிகளை ஒரு மூலையில் மறித்து, புதிய உமி போட்டு, தண்ணீரையும் தீனையும் தாழ்த்தி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் தேறாதவற்றையும் நீக்குங்கள். சீழ் கண்ட கோழியைக் கறிக்குக் கொடுக்கக் கூடாது, வீட்டுச் சட்டிக்கும் கூடாது.

அன்டிபயோட்டிக் முழுக்க வீண் என்று நான் சொல்லவில்லை. கிருமி இரத்தத்தில் சுற்றும் கட்டத்தில், எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிந்து கொடுத்தால் புதிய கோழிகள் விழுவது குறையலாம். அதற்குப் பரிசோதனை வேண்டும். மருந்து தொடாத, உயிரோடு உள்ள நொண்டிக் கோழிகள் நாலைந்தைக் காற்றோட்டமான பெட்டியில் உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டுமா என்பதை வைத்தியர் சொல்வார். இறந்த கோழி என்றால் ஐஸ் பெட்டியில். உறைய வைக்க வேண்டாம். நீங்களே எலும்பைத் திறந்து வெளிக்காற்று பட்ட பிறகு அனுப்பினால் கூட்டுத் தூசியில் உள்ள கிருமிதான் அங்கே வளரும். மருந்து கொடுத்தால், உறையில் போட்டிருக்கும் விலகல் காலம் (மருந்தை நிறுத்திய பின் காத்திருக்க வேண்டிய நாட்கள்) முடியாமல் விற்கக் கூடாது. விற்கிற கிழமையில் நொண்டல் உச்சத்துக்கு வருவதால் இந்த இடத்தில்தான் பலருக்குக் கை நடுங்கும்.

அடுத்த தொகுதி: குஞ்சு வரும் இரவு

நம்ம பக்கத்துக்குக் குஞ்சுகள் பெரும்பாலும் மேற்கு, வடமேல் மாகாணங்களில் இருந்து நீண்ட தூரம் வருகின்றன. பெட்டி இறங்கியதும் சில குஞ்சுகளைத் திருப்பித் தொப்புளைப் பாருங்கள். கறுத்த பொருக்கு, ஈரம், நூல் மாதிரி தொங்கும் தோல் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், முகவருக்கு அன்றே சொல்லுங்கள். அதுபோலக் கணு சிவந்திருந்தால் பொரிப்பகத்திலேயே அது கஷ்டப்பட்டிருக்கிறது.

உமியின் மட்டத்தில் முதல் நாள் 32 முதல் 34 பாகை வேண்டும். வெப்பமானியைக் கூரையில் தொங்கவிட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. மார்கழி மழைக் காற்றில் பக்கப் படங்கு கிழிந்திருந்தால் நிலம் சில்லென்று இருக்கும், பல்ப் எரிந்தாலும். அடுத்த நாள் காலை குஞ்சின் கழுத்தடிப் பையைத் தடவுங்கள்: நூறில் 95 குஞ்சாவது நிறைந்து மென்மையாக இருக்க வேண்டும். ஏழாம் நாள் நிறை, வந்த நாள் நிறையின் நாலு மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முதல் வாரம் பின்தங்கிய குஞ்சின் குடல் முழுதாக வளராது. பின்னால் அது ஒழுகும். கடதாசி விரிப்பதானால் சொரசொரப்பானதை விரித்து இரண்டு நாளில் எடுத்துவிடுங்கள். முதல் நாளில் இருந்தே தீனில் நல்ல பக்டீரியா சேர்த்துக் கொடுத்தபோது நொண்டல் குறைந்ததை ஆர்கன்சா ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். செலவு தாங்கினால் முயன்று பார்க்கலாம், ஆனால் அதை வாங்கிவிட்டு உமியை ஈரமாக விட்டால் பயன் இல்லை.

தண்ணீரும் உமியும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் வாவிக்குக் கிட்ட உள்ள கிணறுகள் பல சவர். உப்புத் தண்ணீர் குடித்த கோழி கூடக் குடிக்கும், எச்சம் நீராகப் போகும், உமி நனையும், பாதம் புண்ணாகும். அந்தப் புண்ணும் கிருமிக்கு ஒரு வாசல். தண்ணீரை ஒரு தரம் பரிசோதித்துப் பார்ப்பது பெரிய செலவு இல்லை.

கிணற்றுத் தண்ணீரில் குளோரின் போடுங்கள். கடைசிக் குடிபாத்திரத்தில் 3 முதல் 5 பிபிஎம் (லீற்றருக்கு மில்லிகிராம்) நிற்க வேண்டும். 30 வீதமான பிளீச்சிங் பவுடர் என்றால் 1000 லீற்றருக்கு ஏறத்தாழ 17 கிராம் போட்டால் 5 பிபிஎம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் அந்த அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். முதலில் அடைய விட்டு மேல் தண்ணீரை எடுங்கள். தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுப்பதற்கு முன் குறைந்தது ஒரு நாளாவது குளோரினை நிறுத்த வேண்டும்.

உமிக்கு நமக்குப் பஞ்சமில்லை. வெள்ளாமை வெட்டியதும் ஆலையில் மலையாகக் குவியும். இருந்தும் அதை வாங்க மாரி தொடங்கிய பிறகு ஓடுகிறவர்கள் உண்டு. காய்ந்த காலத்தில் வாங்கி, நனையாமல் சாக்கில் கட்டி வையுங்கள். இரண்டு முதல் நாலு அங்குலம் போடுங்கள். கைப்பிடி உமியைப் பொத்திப் பிடித்து விடுங்கள்: உருண்டையாக நின்றால் ஈரம் கூட, ஒட்டாமல் பறந்தால் தூசி, மெல்ல உதிர்ந்தால் சரி. குடிபாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்க வேண்டும். கோழி வளர வளர உயர்த்துங்கள். அதைச் சுற்றிக் கட்டியான உமியை அன்றன்றே அள்ளுங்கள். மற்ற இடங்களைக் கிளறலாம், ஆனால் மேடும் பள்ளமுமாக விடாமல் சமப்படுத்துங்கள். தள்ளாடும் நிலம் எலும்புக்கு என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

அமோனியாவுக்குக் குந்தி, கோழியின் மட்டத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் அளவு மீறிவிட்டது. தினமும் கூட்டுக்குள் நிற்கிறவரின் மூக்கு பழகிப்போய்விடும். வெளியில் இருந்து வருபவரிடம் கேளுங்கள்.

நெருக்கம் பற்றிச் சுருக்கமாக: திறந்த கூட்டில் கோழிக்கு ஒரு சதுர அடிக்குக் குறைக்காதீர்கள். விலை ஏறுகிற நேரம் பார்த்து நூறு குஞ்சு கூடப் போடுவது கணக்கில் லாபமாகத் தெரியும்.

தீனும் வெளிச்சமும்

அம்பாறையில் தவிடு மலிவு என்பதால் பைத்தீனில் தவிடு கலக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. காலுக்கு இது நேரடி எதிரி. தவிட்டில் பொசுபரசு உண்டு, ஆனால் அதில் பெரும்பகுதி கோழியால் எடுக்க முடியாத வடிவத்தில் இருக்கிறது. அதுவே கல்சியத்தையும் நாகத்தையும் கட்டிப்போடும். விற்றமின் டியும் மங்கனீசும் தீனில் எழுதியிருக்கும் அளவுக்கு இல்லாமல் ஐதாகிவிடும். கூரைக்குக் கீழ் வளரும் கோழிக்கு வெயில் படாது, டி3 முழுக்கத் தீனில் இருந்துதான் வர வேண்டும். குஞ்சுத் தீனில் கல்சியம் ஒரு வீதத்துக்கு அண்மையாகவும் கோழி எடுக்கக்கூடிய பொசுபரசு அதில் பாதியாகவும் இருக்கும்படி கணக்குப் போட்டிருப்பார்கள். மேலே நீங்கள் எதைக் கொட்டினாலும் அந்தக் கணக்கு உடையும். கல்சியம் வேண்டும் என்று முட்டைக்கோழித் தீனைக் கொடுப்பதும் இதே தப்பு; அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தீன் மூட்டைகளைச் சீமெந்து நிலத்தில் நேரடியாக அடுக்காமல் பலகை மேல் வையுங்கள், மாரியில் சுவரில் முட்டவும் விடாதீர்கள். கட்டி பட்ட, பூஞ்சை மணக்கும் தீனை வெயிலில் காயவைத்துக் கொடுப்பார்கள். பூஞ்சை காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது.

வெளிச்சம் செலவில்லாத மருந்து. இரவு முழுக்க பல்ப் எரித்தால் கோழி கூடத் தின்னும், வேகமாகப் பருக்கும், கால் பின்தங்கும். முதல் வாரம் முடிந்ததும் தொடர்ந்து ஆறு மணித்தியாலம் இருட்டு கொடுங்கள். ஐரோப்பியச் சட்டமே நாளுக்கு ஆறு மணித்தியால இருட்டைக் கேட்கிறது, அதில் குறைந்தது நாலு இடைவிடாமல். கச்சான் காலத்தில் இரவு ஒன்பதுக்கு அணைத்து அதிகாலை மூன்றுக்கு ஏற்றினால், விடியக் குளிரில் கோழி நிம்மதியாகத் தின்னும். நடுப்பகலில் தீனை எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் மட்டும் வைக்கலாம். திரும்பத் தீன் வைக்கும்போது எல்லாப் பாத்திரத்திலும் ஒரே நேரம் போடுங்கள், பட்டினியில் மிதிபடாமல் இருக்க. கீரி, காட்டுப்பூனை வரும் என்றுதான் பலர் பல்ப் எரிக்கிறார்கள். அதற்கு வலையைச் சரியாக அடியுங்கள்.

தொகுதிக்கும் தொகுதிக்கும் நடுவில்

பழைய உமியை முழுக்க அள்ளி வளவுக்கு வெளியே கொண்டுபோங்கள். அதில் ஓடும் கருவண்டுகள் ஈ-கோலையையும் சல்மொனெல்லாவையும் அடுத்த தொகுதிக்குக் கடத்தும். தண்ணீர்த் தாங்கியையும் குழாயையும் உள்ளே தேய்த்துக் கழுவி, குளோரின் தண்ணீர் நிரப்பி வைத்து வடியவிடுங்கள். வழவழப்பாக ஒட்டியிருக்கும் படலத்துக்குள் கிருமி மாதக்கணக்கில் இருக்கும். காய்ந்த பிறகு இரண்டு கிழமையாவது கூடு சும்மா கிடக்கட்டும்.

செத்த கோழிகளைக் குழியில் புதைப்பது மாரியில் நம்ம மண்ணுக்கு ஒத்துவராது. நிலத்தடி நீர் மேலே வந்து குழியே கிணறாகிவிடும், பக்கத்துக் கிணறும் கெடும். அவற்றை மக்கவைக்க, உயரமான இடத்தில் பலகைப் பெட்டி அடித்து, மேலே தகரம் போட்டு, உமி ஒரு படை, கோழி ஒரு படை என்று அடுக்குங்கள். சுவரில் முட்டாமல் அரை அடி உள்ளுக்கு வையுங்கள், ஒவ்வொரு கோழியையும் உமி முழுக்க மூட வேண்டும். நன்றாக வேலை செய்தால் உள்ளே 55 பாகைக்கு மேல் சூடு ஏறும், மணமும் வராது.

இன்னொன்று, பதிவு அட்டை. சாவு என்று ஒரே நிரலில் எல்லாவற்றையும் எழுதினால் பின்னால் ஒன்றும் விளங்காது. காலுக்காக நீக்கினவற்றைத் தனி நிரலில் நாள்படி எழுதுங்கள். பக்கத்தில் படங்கு கிழிந்த இரவு, தண்ணீர் நின்ற நாள், தடுப்பு மருந்து, கடும் சூடு, தீன் மாற்றிய நாள் எல்லாம் ஒரு சொல்லில் குறித்துவிடுங்கள். நொண்டல் ஏறத் தொடங்கிய நாளில் இருந்து ஒரு கிழமை, இரண்டு கிழமை பின்னோக்கி விரலை நகர்த்திப் பாருங்கள். வைத்தியரிடம் போகும்போது அறுத்துப் பார்த்த எலும்புகளின் படங்களை எடுத்த கைத்தொலைபேசியோடு அந்த அட்டையையும் எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.